தாயம்மாள் என்ன சொன்னாலும்

பதினோராவது முறையும் கம்ப்யூட்டர் ‘பொய்’ என்றுதான் சொன்னது.

நாகேந்திரன் கண்ணாடியைக் கழற்றி, லுங்கியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பொய்தான். துடைத்ததில் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது.

"என்னங்க, பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கறதா, வெங்காயமா?" என்று சமையலறையிலிருந்து ராதிகா கேட்டாள்.

"அது சூத்திரத்துல பதினேழாவது மாறி. இன்னும் முடிவாகலை."

"ஒன்பது மணிக்கு மேல போனா நல்ல வாழைக்காய் இருக்காது. அது எத்தனாவது மாறி?"

வாழைக்காய் தீர்ந்துபோகும் என்பதை நாகேந்திரன் சேர்க்கவே இல்லை. சேர்த்தார். பன்னிரண்டாவது முறையும் பொய்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் காலை பத்தரைக்கு அவர் மகள் நிவேதிதாவைப் பேசி முடிக்க ஆவடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முகப்பேருக்கு வருகிறார்கள். மற்ற அப்பாக்கள் இப்படியொரு சனிக்கிழமையில் வாழைக்காய் வாங்கப் போவார்கள். நாகேந்திரன் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இருபத்தாறு வருஷமாகத் தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறவர். அதனால் சூத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆராய்ச்சிக்குப் பெயர் ‘குவான்டிஃபைடு பூலியன் ஃபார்முலா’. பெயரைக் கேட்டுப் பயந்து ஓடிய மாணவர்கள் நிறைய. விஷயம் என்னவோ ஆடு புலி ஆட்டம்தான். ஒவ்வொரு நகர்த்தலும் ஆம் அல்லது இல்லை. புலி எப்படி நகர்ந்தாலும் ஆட்டுக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டா? அதற்கப்புறம் புலி எப்படி நகர்ந்தாலும் இன்னொரு வழி உண்டா? இப்படியே கடைசிவரை. உண்டு என்றால் சூத்திரம் மெய், இல்லையென்றால் பொய். ‘எது வந்தாலும்’ என்பதற்கு ஆங்கில ஏ எழுத்தைத் தலைகீழாகப் போடுவார்கள், அது புலி. ‘ஒரு வழி உண்டு’ என்பதற்கு ஈ எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள், அது ஆடு. இதை ஊதித் தள்ளும் வேகத்தில் சரிபார்க்க அவரே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். அதற்கு சால்வர் என்று பெயர். நிவேதிதா கல்லூரியில் படித்தபோது அதில் பாதியைத் திருத்தி எழுதிக் கொடுத்தவள் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

நாகேந்திரன் தன்னை எப்போதும் ஆடாகவே நினைத்துக்கொள்கிறவர்.

நிவேதிதாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து கலைந்துவிட்டது. முதலில் வந்தவர்கள் வேலூர்க்காரர்கள். "எங்க குடும்பத்துல எல்லாரும் ஒருத்தர் பேச்சைக் கேட்டுத்தான் நடப்போம்" என்றார் பையனின் அப்பா. நாகேந்திரன் ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்து, "எல்லாரும் அதே ஒருத்தரோட பேச்சையா, இல்லை ஆளுக்கு ஒருத்தரா?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காபி வருவதற்குள் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்தவர்கள், "பையனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது" என்றார்கள். "எந்தப் பட்டியல்லேர்ந்து பார்த்துச் சொல்றீங்க?" என்று கேட்டார் நாகேந்திரன். பட்டியல் இல்லாமல் ‘எந்த’ என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர்களுக்கும் பொறுமை இல்லை.

இரண்டையும் உட்கார்ந்து யோசித்து நாகேந்திரன் ஒரு முடிவுக்கு வந்தார். எதிராளி எப்படியெல்லாம் ஆடுவார் என்று முன்கூட்டியே கணக்குப் போடாததுதான் தப்பு.

இந்த முறை இடம் நிவேதிதாவே பார்த்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் விக்ரம். விக்ரமின் அப்பா லட்சுமணனுக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, விக்ரமை வளர்த்தது அத்தை தாயம்மாள். சீருடை தைக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பொத்தான் கோணினால் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பியவர் என்று விக்ரமே பெருமையாகச் சொல்லியிருந்தான்.

"அவங்க வீட்ல அத்தை முடிவுதாம்ப்பா" என்றாள் நிவேதிதா. "பேசி முடிக்கிறவரைக்கும் பொண்ணு வீட்ல கை நனைக்க மாட்டாங்களாம். அவங்க கை நனைச்சுட்டா முடிஞ்ச மாதிரி. நனைக்காம எழுந்துட்டாங்கன்னா..."

மீதியை அவள் சொல்லவில்லை. மூன்று வயதில் கண்காட்சியில் பலூன் கையை விட்டுப் பறந்துபோனபோதும் அவள் இப்படித்தான் பாதி வாக்கியத்தில் நின்றாள். நாகேந்திரன் அன்றே மடிக்கணினியைத் திறந்து, முதல் வரியில் ஏ எழுத்தைத் தலைகீழாகப் போட்டு, பக்கத்தில் ‘தாயம்மாள்’ என்று தட்டினார். கடைசி வரியில் ‘கை நனைப்பு’. நடுவில் இருநூற்றுப் பத்து மாறிகள்.

முதல் வெற்றி காபியில் கிடைத்தது. முன்பே காபி போட்டு வைத்தால், தாயம்மாள் டீ கேட்டு, பொய். முன்பே டீ போட்டு வைத்தால், காபி கேட்டு, பொய். அவர் கேட்ட பிறகு நாம் முடிவு செய்வதாக வரிசையை மாற்றிப் போட்டதும் அந்தக் கிளை மட்டும் மெய்யாகிவிட்டது.

"ராதிகா, ரெண்டும் ரெடியா இருக்கணும். அவங்க சொன்ன அடுத்த நொடி வரணும்."

"இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரா? எங்கம்மா அப்படித்தாங்க பண்ணுவாங்க."

"உங்கம்மா உள்ளுணர்வுல பண்ணாங்க. நான் நிரூபிச்சிருக்கேன்."

அடுத்தது பஜ்ஜி. வீட்டில் போட்டால் ‘பொண்ணு போட்டதா?’ என்று கேட்பார். ஆம் என்றால் ‘இன்னொண்ணு போட்டுக் காட்டச் சொல்லுங்க’ என்பார். இல்லை என்றால் முகம் சுளிப்பார். பொய். சரி, கடையில் வாங்கினால்? ‘வீட்ல ஒரு பஜ்ஜிகூடப் போட மாட்டீங்களா?’ அதுவும் பொய். யோசித்து, வீட்டு பஜ்ஜியும் கடை பஜ்ஜியும் கலந்து வைப்பது என்று முடிவு செய்தார். எது எது என்று யாருக்கும் தெரியாது.

"எனக்கும் தெரியாது" என்றாள் ராதிகா. "நான் போட்டதை நானே ருசி பார்த்து, ‘எங்க வாங்கினது?’ன்னு கேக்கணும்."

பிறகு நாற்காலி. பெரிய சோபாவில் உட்காரவைத்தால், ‘ஒற்றை சோபா யாருக்கு?’ ஒற்றை சோபாவில் உட்காரவைத்தால், ‘என்னைத் தனியா ஒதுக்கிட்டாங்க’. நாகேந்திரன் இரண்டு சோபாவையும் படுக்கையறைக்குள் தள்ளிவிட்டு, குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரே மாதிரி பத்து வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து வரிசையாகப் போட்டார். யாருக்கும் உயர்வு தாழ்வு இல்லை.

ராதிகா வாசலில் நின்று பார்த்தாள்.

"பந்தல் ஒண்ணுதாங்க குறைச்சல். சங்கு ஊதறவருக்கு எந்த நாற்காலி?"

படுக்கையறையில் இப்போது இரண்டு சோபாவும் ஒரு கட்டிலும் இருந்ததால் புடவை எடுக்க அலமாரியைத் திறக்க முடியவில்லை. நிவேதிதா ஒற்றைக் கையை உள்ளே விட்டு, அகப்பட்ட புடவையை இழுத்தாள். அது மஞ்சள். மஞ்சள் சூத்திரத்தில் இல்லை. மறுபடி ஓட்டினார். பொய்.

"ஏங்க" என்றாள் ராதிகா, "நீங்க வாயே தொறக்காம இருக்கற மாதிரி ஒண்ணு போட்டுப் பாருங்களேன்."

"நம்ம பக்கத்துல பிரச்சினையே இல்லை ராதிகா. நாம எப்படி வேணா வளைஞ்சு குடுப்போம். பிரச்சினை எது வந்தாலும்ங்கற பக்கம்."

நிவேதிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிவேதிதாவைப் பார்த்தாள். இருவரும் பஜ்ஜி மாவைப் பார்த்தார்கள்.

மத்தியானம் நிவேதிதா, "அப்பா, சால்வர் கொஞ்ச நேரம் வேணும். ஆபீஸ் வேலை" என்று மடிக்கணினியை வாங்கிப் போனாள். கால் மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தபோது திரையில் அவள் ஓட்டியதன் விடை மட்டும் மிச்சமிருந்தது: மெய், இரண்டு நொடி. நாகேந்திரனுக்குப் பொறாமையாக இருந்தது. அம்பத்தூரில் யாரோ கொடுத்துவைத்தவர்கள்.

மாலை ஆறு மணிக்கு, எழுபத்து மூன்றாவது முறை, அவருக்கும் சால்வர் ‘மெய்’ என்றது. தாயம்மாள் சொல்லக்கூடிய அறுபத்து நான்கு விஷயங்களுக்கும் பதில் இருந்தது. வெற்றிக்கான வழி நாற்பத்தாறு பக்கம். அதை மையால் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ‘சமைக்கத் தெரியுமா’ என்றால் அட்டை பதினான்கு. ‘ஏன் இவ்வளவு நாள் கல்யாணம் ஆகலை’ என்றால் அட்டை முப்பத்தொன்று, பின்பக்கம்.

மறுநாள் பத்து இருபத்தைந்துக்கு வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியது டிரைவர். தோளில் துண்டு, காதில் பேனா. பழத்தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முதல் மாடி ஏறி வந்தவர், ஹாலில் வரிசையாகக் கிடந்த வெள்ளை நாற்காலிகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு,

"இன்னா சார், யார்னா தவறிட்டாங்களா? நாங்க வோணா அப்பால வரோம்" என்றார்.

"இல்லப்பா, இல்ல. எல்லாரும் சௌக்கியம்."

"அப்ப சரி சார். நம்ம பேரு மதுரைவீரன். வண்டியாண்டதான் கீறேன், எதுனா வோணும்னா குரல் குடு." தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பின்னாலேயே லட்சுமணன், விக்ரம், கடைசியாகத் தாயம்மாள். நாகேந்திரன் மனதில் ஆறடி உயரத்தில் வளர்ந்திருந்தவர், நேரில் ஐந்தடிகூட இல்லை. சாம்பல் நிறப் புடவை, கையில் ஜிப் வைத்த கைப்பை. பையை இடுக்கிக்கொண்டு படியேறிய விதத்தில் மட்டும் ஒரு சூப்பர்வைசர் தெரிந்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் நாகேந்திரன். அட்டை இரண்டு: அவர் உட்கார்ந்த பிறகே உட்கார வேண்டும்.

"நீங்க உக்காருங்க சார்" என்றார் தாயம்மாள்.

"நீங்க உக்காந்தப்புறம்தாம்மா."

"நீங்க உக்காந்தப்புறம்தான் சார் நாங்க."

சால்வர் இதைச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் ஐந்து பேரும் நின்றார்கள். பத்து நாற்காலி அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் ராதிகா, "நான் மூணு எண்றேன், எல்லாரும் ஒண்ணா உக்காந்துடலாம்" என்றாள். மூன்றில் உட்கார்ந்தார்கள். லட்சுமணன் மட்டும் இரண்டில் உட்கார்ந்துவிட்டு, அக்கா பார்த்த பார்வையில் மறுபடி எழுந்து மூன்றில் உட்கார்ந்தார்.

"காபியா, டீயாம்மா?"

இந்தக் கிளையில் நாகேந்திரனுக்குப் பயமே இல்லை. உள்ளே இரண்டும் ஆவி பறக்கத் தயாராக இருந்தது.

தாயம்மாள் பையின் ஜிப்பை ஒரு விரற்கடை திறந்து உள்ளே பார்த்தார். மூடினார்.

"நீங்க எது குடிக்கிறீங்களோ அதுவே குடுங்க சார்."

நாகேந்திரனின் கை சட்டைப் பைக்குப் போனது. அறுபத்து நான்கில் இது இல்லை. காபி என்றால் ‘அவர் இஷ்டத்துக்குக் குடுத்தார்’. டீ என்றாலும் அதே. யோசித்து, "நான் ரெண்டும் குடிப்பேம்மா" என்றார்.

"எனக்கும் ரெண்டும்" என்றார் தாயம்மாள்.

இரண்டும் வந்தது. பேசி முடிக்கும்வரை சோறும் பலகாரமும்தான் தொடக் கூடாது, குடிப்பதற்கு அவர்கள் வழக்கத்தில் தடையில்லை. ஒரு மடக்கு காபி, ஒரு மடக்கு டீ என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். நாகேந்திரன் டம்ளரை வைத்தால் அவரும் வைத்தார். எடுத்தால் எடுத்தார். குடித்து முடித்ததும் தாயம்மாள் பையோடு குளியலறைக்குப் போய்விட்டு வந்தார். மாத்திரை போடப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார் நாகேந்திரன்.

நிவேதிதா மஞ்சள் புடவையில் வந்து வணங்கிவிட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பாவம், சாமி கும்பிடுகிறாள்.

லட்சுமணன் தொண்டையைச் செருமினார். "அப்புறம் சார், எல்லாருக்கும் சம்மதம்னா..."

"எல்லாருக்கும்னா..." என்று நாகேந்திரனின் வாய் தானாகத் திறந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். ராதிகா அவர் கால் விரலை மிதித்தாள். தாமதமாகிவிட்டது. "...யார் யாரைச் சேர்த்து எல்லாரும்?"

விக்ரம் கண்ணை மூடிக்கொண்டான். தாயம்மாளின் கை பையின் மேல் போயிற்று.

"இந்த ஆறு பேரு சார்" என்றார் நிதானமாக. "இங்க உக்காந்திருக்கற அஞ்சு பேரு, அதோ நிக்கிற பொண்ணு. இதுல வராதவங்களைப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்லலை."

நாகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ‘எல்லாரும்’ என்றால் யார் யார் என்று அவர் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். கல்லூரி முதல்வரிடம் கேட்டிருக்கிறார், பஸ் கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார். அடிக்க வந்தவர்கள் உண்டு. பட்டியல் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

ஆனால் அடுத்த கணமே பயம் பிடித்துக்கொண்டது. இவர் சாதாரண ஆள் இல்லை. சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. வயதைப் பற்றிக் கேட்கவில்லை. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எது சொன்னாலும் ‘சந்தோஷம்’, ‘உங்க இஷ்டம்’. அறுபத்து நான்கு அம்புக்கும் கேடயம் செய்து வைத்திருக்கிறவனிடம் அம்பே விடாமல் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் பஜ்ஜித் தட்டு தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. கை நனையவில்லை. பெரிய புலிதான்.

"ஒரு நிமிஷம்" என்று சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

கோதுமை மாவு டின் மேல் மடிக்கணினியைத் திறந்து, ‘ஒன்றும் சொல்லாமல் இருத்தல்’ என்று ஒரு மாறியைச் சேர்த்து ஓட்டினார். சால்வர் யோசித்தது. அது யோசிக்கட்டும் என்று திரும்பியபோது முழங்கை பட்டு மாவுக் கிண்ணம் சாய்ந்தது. விசைப்பலகை மேல் கடலை மாவு மெதுவாகப் பரவியது. அதைத் துடைக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து அட்டைகள் மொத்தமாக எண்ணெய் வடிகட்டும் தட்டில் விழுந்தன. ‘சமைக்கத் தெரியுமா’ கரைந்து ‘ஏன் கல்யாணம் ஆகலை’யோடு கலந்தது. சூடாக இன்னொரு ஈடு போடலாம் என்று முன்பே உள்ளே வந்து வாணலிப் பக்கம் நின்றிருந்த ராதிகா, புருஷனைப் பிடிப்பதா மடிக்கணினியைப் பிடிப்பதா என்று பார்த்ததில் அந்த ஈடும் கருகியது.

"அடுப்பு புகையுது, உங்க கம்ப்யூட்டரும் புகையுது. எதைங்க நான் முதல்ல அணைக்க?"

திரை ஒருமுறை சிமிட்டி இருண்டுபோனது. மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை.

நாகேந்திரன் அதை மூடி வைத்தார். பிறகு, கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று, கருகிய பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சட்டையில் கடலை மாவு, பையில் ஒரு அட்டைகூட இல்லை. தாயம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். முதலில் யார் உட்காருவது என்று பார்க்கக்கூட இல்லை.

"அம்மா" என்றார். "எனக்கு நேத்துலேர்ந்து பயம். நீங்க என்ன கேப்பீங்களோ, அதுக்கு நான் என்ன சொல்லித் தொலைப்பேனோன்னு. அவளுக்குச் சமைக்கத் தெரியாது. காலைல ஏழு மணிக்கு முன்னாடி எழுப்பினா எட்டு மணி வரைக்கும் பேச மாட்டா. ஆனா உங்க பையனைப் பத்திப் பேசும்போது மட்டும் அவ சொல்ற எந்த வாக்கியத்தையும் என்னால திருத்த முடியலை. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

சமையலறை வாசலில் நிவேதிதாவின் உதடுகள் அசைவதை நிறுத்திவிட்டன.

தாயம்மாள் பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு ஜிப்பை முழுசாக மூடி, பையைக் கீழே காலடியில் வைத்துவிட்டார். வந்ததிலிருந்து அந்தப் பையை அவர் கீழே வைத்தது அப்போதுதான்.

"எனக்கும் அதே பயந்தான்" என்றார். குரல் முதல்முறையாகச் சாதாரணமாக இருந்தது. "ராத்திரி கண்ணுல பொட்டுத் தூக்கமில்லை."

கை நீட்டி ஒரு பஜ்ஜியை எடுத்தார்.

"அய்யோ, அது கருகினது. இந்தத் தட்டுல எடுத்துக்கங்க" என்றாள் ராதிகா.

"இருக்கட்டும். இதுதான் வீட்ல போட்டதுன்னு தெரியுதுல்ல" என்று ஒரு கடி கடித்தார். மென்றார். "உப்பு கம்மி, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் ஹாலைச் சுற்றி வந்து எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தது. விக்ரம் மூச்சு விட்டான். லட்சுமணன் யார் உத்தரவுக்கும் காத்திராமல் மூன்று பஜ்ஜியை ஒன்றாக எடுத்தார். நிவேதிதா உள்ளே ஓடிப்போனாள். படுக்கையறையில் சோபா மேல் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தட்டு மாற்றினார்கள். வாழை இலை போட்டுச் சாப்பிட்டார்கள். தாயம்மாள் இரண்டு முறை ரசம் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சை நிறுத்தவில்லை. சமையல், வயது, மஞ்சள், நாற்காலி என்று அறுபத்து நான்கில் ஐம்பதையாவது கேட்டிருப்பார். நாகேந்திரன் ஒன்றுக்கும் அட்டையில்லாமலே பதில் சொன்னார். நடுவில் ஒருமுறை, "சாப்பாட்டுல எதுவுமே குறை சொல்ல முடியாது" என்று லட்சுமணன் சொன்னபோது மட்டும் அவர் வாய் திறந்தது. ஐந்து பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் அந்த வாயில் அப்பளத்தை வைத்துக்கொண்டார்.

மனதுக்குள் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது. எப்பேர்ப்பட்ட புலி. சூத்திரம் கைவிட்ட இடத்தில், மாவு அப்பிய சட்டையோடு, ஒற்றை ஆடு தனியாக நின்று வழி கண்டுபிடித்திருக்கிறது. இதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதலாம்.

கீழே டிரைவர் சாப்பிடாமல் இருப்பது ஞாபகம் வந்தது. அவரை மேலே கூப்பிட மறந்ததற்கு வெட்கப்பட்டு, சோறும் பொரியலும் இரண்டு பஜ்ஜியும் வைத்து ஒரு தட்டைத் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மதுரைவீரன் வேப்பமர நிழலில் வண்டியின் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"முடிஞ்சிச்சா சார்?"

"முடிஞ்சுதுப்பா. அத்தை கை நனைச்சுட்டாங்க. சாப்பிடு."

"நல்லாருக்கட்டும் சார்." தட்டை வாங்கி இருக்கையில் வைத்துவிட்டு, மதுரைவீரன் தாளை நீட்டினார். "இத்த அந்தம்மாகிட்ட குட்துடுங்க சார், எறங்கசொல்லோ பையிலேர்ந்து வுழுந்துச்சு போல. இந்த மாதிரி நாலஞ்சு தாளு, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு செராக்ஸு வச்சிகினு ஆவடிலேர்ந்து இங்க வர்ற வரிக்கும் பரிச்சைக்குப் போற புள்ள மாதிரி ஒப்பிச்சிகினே வந்தாங்க. உங்க பொண்ணு குட்த்து அனுப்பிச்சதாம்."

நாகேந்திரன் வாங்கிப் பிரித்தார். கட்டங்கள், அம்புக்குறிகள், கிளை பிரிந்து கிளை பிரிந்து போகும் வரிகள். அவருடைய சால்வர் வெற்றிக்கான வழியை இப்படித்தான் அச்சடிக்கும். ‘காபியா டீயா என்றால்: அவர் குடிப்பதே’ என்று இருந்தது. ‘எல்லாரும் என்றால் யார் என்று கேட்டால்: ஆறு பேர், எண்ணிச் சொல்லவும்’ என்று இருந்தது.

மதுரைவீரன் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ஒரு டவுட்டு சார், இத்த பாத்ததுலேர்ந்து கேக்கணும்னு இருந்தேன். மேல ஏ எய்த்தத் தலைகீயா போட்டு, பக்கத்துல ‘அப்பா’ன்னு எய்திக்கீதே, அது நீங்கதானா?"